கல்லூரி கொயர் மேடையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலை முழுக்கக் கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) மாலைகள் தொடங்கிவிடும். கல்லூரியில் படித்தபோது மூன்று வருடம் நானும் கொயர் என்ற கூட்டுப்பாடல் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடியவன். மூன்று வருடமும் நாங்கள் பிரமாதமாகப் பாடியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்த அடுத்த டிசம்பரில் அதே அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அதே பாட்டு, பெரும்பாலும் அதே ஆட்கள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஓரத்தில் நின்ற இரண்டு பேரின் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு வந்தது. நடுவில் நின்ற ஒருவன் பாட்டு முடியும்வரை மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே இருந்தான். என் வரிசையில் பாதிப் பேர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் நிற்பவனுக்குக் கேட்பது ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு என்று அன்றுதான் உறைத்தது. அதற்குப் பிறகு பல வருடங்களாக மாணவர்களின் ஒத்திகைகளுக்கு உதவியாகப் போய்வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சுரம் தப்புவதைப் பற்றி எழுதப்போவதில்லை, அதைக் கொயர் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

சத்தத்தைப் பலமென்று நினைப்பது

இரைச்சலான இடத்தில் பேசும்போது நம்மை அறியாமலே குரல் உயர்ந்துவிடும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதிவைத்தார், இன்றுவரை அவர் பெயரால்தான் இந்த விளைவைச் சொல்கிறார்கள். கொயரில் இது ஒரு சுழல்போல வேலை செய்யும். பக்கத்தில் நிற்பவனின் குரலில் என் குரல் எனக்குக் கேட்கவில்லை, நான் ஏற்றுகிறேன். இப்போது அவனுக்கு அவன் குரல் கேட்கவில்லை, அவனும் ஏற்றுகிறான். இரண்டாவது சரணம் வரும்போது நாற்பது பேரும் கத்திக்கொண்டிருப்பார்கள். பாடுபவர்களுக்கு மெய் சிலிர்க்கும், கேட்பவர்களுக்குக் காது வலிக்கும்.

சுவீடனில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் கொயர் பாடகர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். மற்றவர்களின் ஒலியைவிடத் தன் குரல் சராசரியாக 6 டெசிபெல் அளவுக்கு மேலே கேட்டால்தான் பாடுபவருக்கு வசதி என்று கண்டார். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் குழுவில் அதற்கு வழியே இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் டாஹர்ட்டி என்பவர் நெருங்கி நிற்பதையும் விலகி நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாடியவர்கள், கேட்டவர்கள் இரண்டு தரப்புக்குமே விலகி நின்ற ஒலிதான் பிடித்திருந்தது.

நம் ஊரில் ஒட்டி நிற்பதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு, குளிர். ஒட்டி நின்றால் உடம்புக்குச் சுகம்தான், பாட்டுக்கு ஆகாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலமாவது விடுங்கள். மேடை சின்னதாக இருந்தால் பின்வரிசைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றுங்கள். அப்போதும் இடம் போதாவிட்டால் பத்துப் பேரைக் குறைப்பதில் தவறில்லை. எல்லோரையும் மேடையேற்றியே ஆகவேண்டும் என்ற கல்லூரிப் பாசம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதன் விலையைக் கேட்பவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

அப்புறம், குழுவிலேயே பெரிய குரல்காரரை முன்வரிசை ஓரத்தில் நிறுத்தும் பழக்கம். தனியாகப் பாடிப் பழகிய குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை இருக்கும். மனிதக் காதுக்கும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் உணர்வு அதிகம். முப்பத்தொன்பது பேரைத் தாண்டி அந்த ஒருவர் கேட்பது அதனால்தான். அவரைப் பின்வரிசை நடுவுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காலி அரங்கை நம்புவது

மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை. அரங்கில் ஆளில்லை. பாடிய ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து, நமக்கே நம் பாட்டு தேவகானமாகக் கேட்கும். மாலை ஆறரைக்கு அதே அரங்கில் முந்நூறு பேர், ஒவ்வொருவர் மேலும் ஸ்வெட்டர், சால்வை, குல்லா. எதிரொலி போன இடம் தெரியாது.

அரங்க ஒலியியலின் தொடக்கமே ஏறக்குறைய இந்த விஷயம்தான். 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், எதிரொலி தாங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றார். வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, எத்தனை மெத்தை வைத்தால் ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கணக்கிட்டார். மெத்தையைப் போலவே மனித உடம்பும் கம்பளித் துணியும் ஒலியைக் குடிக்கும். சென்னையில் பருத்திச் சட்டை போட்டு வந்த கூட்டத்தைவிட ஊட்டியில் டிசம்பர் கூட்டம் அதிகமாகவே குடிக்கும்.

இது தெரியாத குழு மாலையில் மேடையேறியதும் பதறிவிடுகிறது. "கேட்கவே இல்லையே" என்று தொண்டையை அழுத்துகிறார்கள். வேகமும் குழம்பும். எதிரொலி தாங்கிப் பிடித்ததால் மதியம் அழகாக இருந்த மெதுவான நடை, மாலையில் இழுவையாகத் தெரியும். ஒத்திகையிலேயே ஒருமுறை கொஞ்சம் வேகமாகவும் பாடிப் பழகி வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் மற்ற வகுப்பு மாணவர்களைக் கூப்பிட்டு நாற்காலிகளில் உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள்.

ஒரு இடத்தில் எடுபட்டது இன்னொரு இடத்தில் எடுபடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து மலையேறி வந்த மரங்கள். அப்படிப்பட்ட பழைய ஆலயத்தில் ஒலிக்கும் விதம் வேறு, தகரக் கூரை போட்ட கல்லூரி அரங்கில் ஒலிக்கும் விதம் வேறு. அதிலும் தகரத்தில் மழை இறங்கிவிட்டால் எந்தக் கொயராலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை ஓயும்வரை நிகழ்ச்சியை நிறுத்தி எல்லோருக்கும் டீ கொடுப்பதுதான் என் கட்சி.

தமிழை ஆங்கிலம்போலப் பாடுவது

எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேற்கத்திய மெட்டில் தமிழ்ச் சொல்லை வைத்துப் பாடும்போது குறிலும் நெடிலும் அடிபடுகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தது வெறும் தேர்வுக்கான விஷயமில்லை, தமிழில் பொருளே அதில்தான் இருக்கிறது. "மலை" என்ற சொல்லின் முதல் எழுத்து நான்கு தட்டு நீளமுள்ள சுரத்தில் விழுந்தால், கேட்பவர் காதில் அது "மாலை". "வனம்" நீண்டால் "வானம்". தலைகீழாகவும் நடக்கும். "பாடு" என்று உற்சாகமாக அழைக்க வேண்டிய இடம் குறுகிய சுரமாக இருந்தால் "படு" என்று கேட்கும். குளிர்கால இரவில் சபையும் மறுக்காது.

தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்களின் கீர்த்தனைகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அங்கே ராகமும் தாளமும் சொல்லோடு சேர்ந்தே பிறந்தவை. மேற்கத்திய மெட்டில் ஆலயங்களில் பாடும் பாமாலைப் பாட்டுகளிலோ மெட்டு முதலில், சொல் பிறகு. புதிதாக மொழிபெயர்த்துப் பாடும் கேரல்களும் இதே வகைதான்.

ஒரு வழி இருக்கிறது. மெட்டைத் தொடுவதற்கு முன் வரிகளைத் தாளத்தோடு வெறும் பேச்சாக எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். எங்கே சொல் சிதைகிறது என்று உடனே தெரிந்துவிடும். "அன்பு" போன்ற சொல்லில் "அ"வை ஆகாரமாக இழுக்காமல் "ன்" மேல் நின்றால் சொல் பிழைத்துக்கொள்ளும். "மலை"யில் முதல் எழுத்தைச் சட்டென்று தொட்டுவிட்டு "லை"யில் நிற்கலாம். மெட்டு கொஞ்சம் வளையும், வளையட்டும். மெட்டு எழுதியவர் கோபித்துக்கொள்ள வரப்போவதில்லை.

அடுத்தது ஒற்று. "வெற்றி", "முத்து", "பக்கம்" எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கண நேர மௌனம் இருக்கிறது. நாற்பது வாயும் ஒரே கணத்தில் மூடித் திறந்தால் சொல் செதுக்கி வைத்ததுபோல இருக்கும். ஆளுக்கொரு நேரத்தில் மூடினால் அந்த மௌனம் நிரம்பி, கடைசி வரிசைக்கு வெறும் இரைச்சல்தான் வந்து சேரும். சொல்லின் இறுதியில் வரும் "ம்"மும் அப்படியே. பாதிப் பேர் முன்னாலேயே உதட்டை மூடிவிடுவதால் பாட்டின் கடைசிப் பகுதி முனகலாகிவிடுகிறது. எந்தத் தட்டில் மூடுவது என்று பாட்டுத் தாளில் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று உயிரெழுத்தின் வடிவம். நீலகிரிக் கல்லூரி வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசுபவர், கூடலூர்ப் பக்கத்து மலையாளக் குடும்பத்தவர், கன்னடம் பேசுபவர், மதுரைத் தமிழ் பேசுபவர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். தமிழிலும் சொல்லின் கடைசி ஐகாரம் பேச்சில் குறுகிவிடும். ஆகவே "மலை" என்ற சொல்லின் முடிவை ஒருவர் "மல" என்றும், ஒருவர் "மலெ" என்றும், ஒருவர் அழுத்தந்திருத்தமாக "மலை" என்றும் பாடுவார். மூவரும் ஒரே சுரத்தில்தான் நிற்பார்கள். ஆனால் வாயின் வடிவம் மாறினால் குரலின் நிறமும் மாறும், கேட்பவருக்குச் சுருதி விலகியதாகவே தோன்றும். "சுருதி சேரவில்லை" என்று கீபோர்டில் மறுபடி மறுபடி சுரம் தட்டிக் காட்டும் மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே சரிசெய்ய வேண்டியது சுரமில்லை, வாய்.

கண்ணை மறந்துவிடுவது

2013-இல் சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். சர்வதேச இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக் காட்சிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, சிலருக்கு ஒலியை மட்டும், சிலருக்குச் சத்தமில்லாத படத்தை மட்டும் காட்டி, வென்றவர் யார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட ஊமைப்படம் பார்த்தவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள், இசை கற்றவர்கள்கூட. பிறகு 2018-இல் வேறொரு குழு இதைத் திரும்பச் செய்து பார்த்து, எந்தக் காட்சிகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது என்று எச்சரித்தது. ஆகவே "பார்வைதான் எல்லாம்" என்று நான் சொல்லமாட்டேன். கேட்க வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவில்லை, அவ்வளவுதான்.

மேடையில் எது கண்ணை இழுக்கிறது? அசைவு. அதுவும் தனியான அசைவு. நாற்பது பேர் அசையாமல் நிற்கும்போது ஒருவர் மூக்கைத் துடைத்தால் அரங்கம் முழுக்க அவரைத்தான் பார்க்கும். எங்கள் மஃப்ளர்க்காரன் நல்ல குரல்காரன், பாவம், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மஃப்ளரும் குல்லாவும் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும். குளிர் தாங்காது என்றால் எல்லோரும் ஒரே நிற ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டுத் தாளை முகத்துக்கு நேரே பிடிப்பது அடுத்த பெரிய தவறு. முகமும் மறையும், குரலும் தாளில் மோதிக் கீழே போகும். மார்பு உயரத்தில் பிடித்து, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கலாம். மனப்பாடம் செய்துவிட்டால் இன்னும் நல்லது. செல்போனில் வரிகளைப் பார்த்துப் பாடுவது இப்போது பரவிவருகிறது. இருட்டான அரங்கில் நீல வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்க நாற்பது பேர் நின்றால் அது கேரல் மாலையாக இருக்காது, பேய்ப்படமாக இருக்கும்.

சிரிக்கச் சொல்லிக்கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. துக்கப் பாட்டுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வரியின் பொருளை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டால் முகம் தானாக அதற்கேற்ப மாறும்.

குளிர், மூச்சு, மைக்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கோயம்புத்தூரிலிருந்து போட்டிக்கு வரும் குழு பஸ்ஸிலிருந்து இறங்கி, மேடு ஏறி, நேராக மேடைக்குப் போனால் நீண்ட வரிகளில் மூச்சு வாங்கும். ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் மாறி மாறி எடுத்தால் வரி அறுபடாது.

குளிரில் வாத்தியங்களும் ஆளுக்கொரு திசையில் போகும். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், புல்லாங்குழலின் சுருதி இறங்கும். கிடாரின் இரும்புக் கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். கீபோர்டு அங்கேயே நிற்கும். குழலை முறை வரும்வரை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கிடாரை மேடையிலேயே சுருதி சேருங்கள்.

மைக் செட்டுக்காரர் அன்பாக எட்டு மைக் கொண்டுவருவார். ஒவ்வொன்றும் எதிரே நிற்கும் ஒரு ஆளைத்தான் பிடிக்கும், கொயர் எட்டுத் தனிப்பாட்டாகிவிடும். நூற்றைம்பது பேர் உட்காரும் அரங்குக்கு மைக்கே வேண்டாம். வேண்டுமென்றால் இரண்டு போதும், சற்றுத் தள்ளி, தலை உயரத்துக்கு மேலே.

கடைசி சுரத்தோடு கலைந்துவிடுவது

பாட்டு முடிந்ததும் மாஸ்டரின் கை இறங்குவதற்கு முன்பே ஒருவர் தாளை மடிப்பார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார். அந்தத் தவறு அதுவரை யார் காதிலும் விழுந்திருக்காது, இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கை இறங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். ஒலி அரங்கில் அடங்க ஓரிரு விநாடி ஆகும். போன வருடம் நான் உதவிய குழுவிடம், கை தட்டல் தொடங்கும்வரை இமைகூடத் தட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் யாரும் தட்டவில்லை. வெளியே பஸ் ஒன்று கியர் மாற்றி மேடேறும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாக, "முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.