இடி மழையில் லைன் போனால் உங்கள் டிரேடிங் பாட் என்ன செய்யும்? சோதிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் பிற்பகலில் இடி மழை பிடித்தால் கரண்டோ இணைய லைனோ போவது புதிதல்ல. செம்பனை எண்ணெய் பியூச்சர்ஸ் (எஃப்.சி.பி.ஓ., பின்தேதி ஒப்பந்த வியாபாரம்) பிற்பகல் அமர்வு 2.30 முதல் 6 மணி வரை நடப்பதும் அதே நேரத்தில்தான். ஆகவே பாட் (உங்களுக்காகத் தானாகவே வாங்கி விற்கும் நிரல்) காட்டும் லாபத்தைப் பார்க்கும் முன், லைன் போய்த் திரும்பியதும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நிஜப் பணமில்லாத டெமோ கணக்கில் ஓட்டுங்கள். பொசிஷன் (வாங்கியோ விற்றோ இன்னும் முடிக்காத வியாபாரம்) திறந்திருக்கும்போது ரூட்டர் கேபிளைப் பிடுங்குங்கள்: ஒருமுறை 30 விநாடி, இன்னொரு முறை 5 நிமிடம். அடுத்து, ஆர்டர் போகும் அதே கணத்தில் பிடுங்க வேண்டும். கையால் அந்தக் கணத்தைப் பிடிப்பது சிரமம், பத்துப் பதினைந்து முறை ஆனாலும் விடாதீர்கள். ஏனென்றால் ஆர்டர் சந்தைக்குப் போயிருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. மோசமான பாட் உடனே மறுபடியும் அனுப்பிவிடும். ஒரு லாட் என்பது 25 டன். விலை டன்னுக்கு 40 ரிங்கிட் எதிராகப் போனால், நீங்கள் கேட்காத அந்த இரண்டாவது லாட்டில் மட்டும் 1,000 ரிங்கிட் போய்விடும். நல்ல பாட் முதலில் புரோக்கர் சர்வரிடம் கையிருப்பையும் நிலுவை ஆர்டர்களையும் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைச் செய்யும்.

பிறகு டாஸ்க் மேனேஜரில் பாட்டைக் கொன்று மீண்டும் திறங்கள். தன் பொசிஷனை அது மறந்திருந்தால், கணக்கை, நிரல் மூடினால் அழிந்துபோகும் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டதை நிஜப் பணத்தில் ஓட்டவே கூடாது. ஸ்டாப் லாஸும் (நஷ்டம் குறித்த அளவைத் தொட்டதும் பொசிஷனை மூடும் ஆர்டர்) புரோக்கர் சர்வரில் கிடக்க வேண்டும். பாட்டுக்குள் இருக்கும் ஸ்டாப், கணினி அணைந்தால் கூடவே அணைந்துவிடும்.

பலர் யு.பி.எஸ்.ஸில் கணினியை மட்டும் செருகுகிறார்கள். சுவரில் இருக்கும் ஃபைபர் மோடமும் ரூட்டரும் அதில் இருந்தால்தான் பயன்.

எச்சரிக்கை வெளியிலிருந்து வர வேண்டும், செத்த பாட் தன் சாவைச் சொல்லாது. பாட் நிமிடத்துக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று வேறொரு சர்வருக்குச் சொல்லட்டும். 3 நிமிடம் சத்தமில்லை என்றால் அந்த சர்வர் உங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்பட்டும்.

காலண்டரையும் சோதியுங்கள். டெலிவரி மாதம் (ஒப்பந்தப்படி சரக்கு கைமாறும் மாதம்) 15ஆம் தேதி நண்பகலோடு ஒப்பந்தம் முடியும், அன்று சந்தை விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாளில். பெரும்பாலான வியாபாரம், முதலில் முடியும் ஒப்பந்தத்திலிருந்து எண்ணி மூன்றாவது மாத ஒப்பந்தத்தில் நடக்கிறது. மாதத்தைக் கையால் எழுதி வைத்த பாட், ஆளில்லாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு புர்சா (மலேசியச் சந்தை) மூடியிருப்பது அதற்குத் தெரியுமா?

ஒரு நிமிடத்தில் எத்தனை ஆர்டர், ஒரு நாளில் எவ்வளவு நஷ்டம் என்ற வரம்புகளை வேண்டுமென்றே மீறவைத்து, பாட் நிற்கிறதா என்று பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், எட்டு சர்வர்களில் ஒன்றில் பழைய நிரல் தங்கிவிட்டதால், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது.

கடைசியாக 20 வர்த்தக நாள், பாட்டின் பதிவையும் புரோக்கர் ஸ்டேட்மெண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு ஆர்டர் பொருந்தாவிட்டாலும் காரணத்தைக் கண்டு சரிசெய்து, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.