மாரி காலத்தில் வரும் சந்தேகம்

திருகோணமலையில் தனியாகத் தொழில் செய்பவருக்கு, 'இது எனக்குச் சரிவராதோ' என்ற எண்ணம் பெரும்பாலும் ஐப்பசி பிறந்ததும் தலைகாட்டும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான், பிறகு மழை. ஓகஸ்ட் வருமானத்தோடு நவம்பரை ஒப்பிட்டால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். போன வருட நவம்பரோடுதான் ஒப்பிட வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சீஆர் கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட கொப்பி. பக்கத்தை மூன்றாகக் கோடிட்டு வந்த பணம், போன பணம், வர வேண்டிய பணம் என்று எழுதுவது. மூன்றாவதைப் பாருங்கள். பயம் பிடிக்கிற நாட்களில் பாதிக்கு, காசு கடனாக வெளியே நிற்கும். அது திறமைக் குறைவல்ல, வசூல் குறைவு. போன் எடுத்துக் கேளுங்கள்.

விலை சொல்லக் கூச்சமென்றால் அடக்கவிலையை எழுதிப் பார்க்க வேண்டும். கருவாட்டையே எடுங்கள்: மீன், உப்பு, பை, லேபல், பஸ் பார்சல் கூலி, உங்கள் நேரக்கூலி. கடைசியை எல்லாரும் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, காய்ந்தால் நிறை குறையும். 3 கிலோ பச்சை மீனில் 1 கிலோ கருவாடுதான் தேறியதென்றால் மீன் செலவே மும்மடங்கு. இந்தக் கணக்கு கையில் இருந்தால், "விலை கூட, அண்ணை" என்று யாராவது சொன்னாலும் குரல் நடுங்காது.

கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டாம் முறை வாங்கியவர்களை மட்டும் குறியுங்கள். பாராட்டு வேண்டாம், அதைச் சும்மாவும் சொல்வார்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டால் கொப்பி போதாது, டொக்டரிடம் போங்கள்.