மாடலிங் மைக்கா, நகல் மைக்கா? உங்கள் அறையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் குரல் பதிவு செய்து வருகிறேன். புதிதாக ஒலிப்பதிவு அறை அமைக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய ஸ்டுடியோ மைக்குகளின் ஒலி வேண்டும், அவற்றை வாங்கும் வசதி இல்லை, அப்படியானால் மாடலிங் மைக் வாங்குவதா, பழைய மைக்கைப் பார்த்துச் செய்த நகல் மைக் வாங்குவதா? காணொளிகளைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் இருப்பது வேறொருவரின் குரல், வேறொருவரின் அறை. இரண்டு மைக்குகளையும் ஒரே ஒரு நாள் இரவலாகவோ வாடகைக்கோ வாங்கி, உங்கள் அறையில் உங்கள் பாடகரை வைத்து ஒப்பிடுவதுதான் வழி. அதைச் செய்யும் முறையை முதலிலிருந்து விளக்குகிறேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

நகல் மைக் என்பது ஒரு பழைய மைக்கின் கேப்ஸ்யூல் (ஒலியை வாங்கும் சவ்வு உள்ள பகுதி), ட்யூப் (வெற்றிடக் குழாய்) அல்லது டிரான்சிஸ்டர், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றை முடிந்த அளவு அதே போலச் செய்து, குறைந்த விலையில் விற்கப்படும் மைக். நாய்மன் நிறுவனத்திலிருந்து 1949-இல் வந்த யு47, 1960-இல் வந்த யு67, 1967-இல் வந்த யு87, ஏகேஜி நிறுவனத்தின் சி12 ஆகியவைதான் பெரும்பாலும் நகலெடுக்கப்படுகின்றன. வார்ம் ஆடியோ நிறுவனத்தின் டபிள்யூஏ-47, டபிள்யூஏ-87 ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்தவை.

மாடலிங் மைக் வேறு வகை. அதன் வேலை, குரலைக் கூடிய மட்டும் நிறம் சேர்க்காமல் பதிவு செய்வது. எந்தப் பழைய மைக்கின் ஒலி வேண்டுமோ அந்த நிறத்தைக் கணினியில் பிளக்-இன் என்னும் ஒரு துணை மென்பொருள் பிறகு சேர்க்கும். ஸ்லேட் டிஜிட்டல் நிறுவனத்தின் எம்எல்-1 ஒரே ஒரு சேனலில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், பதிவாகும். டவுன்சென்ட் லேப்ஸ் உருவாக்கிய ஸ்பியர் எல்22, அந்த வழியில் இப்போது யூனிவர்சல் ஆடியோ வெளியிடும் ஸ்பியர் மைக்குகள் ஆகியவற்றில் கேப்ஸ்யூலின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி சேனல்களில் பதிவாகும். இதனால் மைக் எந்தத் திசையின் ஒலியை எடுக்க வேண்டும் என்பதைக்கூடப் பாட்டு முடிந்த பிறகு மாற்றிக்கொள்ள முடிகிறது.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். “அசல் யு47 ஒலி” என்று ஒரே ஒரு ஒலி கிடையாது. அந்த மைக்கில் இருந்த எம்7 கேப்ஸ்யூலின் சவ்வு பிவிசியால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி ஒலி மாறிவிடும். அதில் இருந்த விஎஃப்14 ட்யூபின் உற்பத்தியும் வெகு காலத்திற்கு முன்பே நின்றுவிட்டது. எனவே நகல் செய்தவரும் பிளக்-இன் செய்தவரும் தங்கள் கைக்குக் கிடைத்த ஒரு குறிப்பிட்ட மைக்கைத்தான் அளந்து பார்த்திருக்கிறார்கள். எது அசலுக்கு நெருக்கம் என்று தேடுவதை விட்டு, எது உங்கள் பாடகரின் குரலுக்குப் பொருந்துகிறது என்று தேடுங்கள்.

நகல் மைக் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இதை நான் பணத்தை இழந்து கற்றேன். நான் முதலில் வாங்கிய மைக் பார்வைக்கு யு87 போலவே இருந்தது. அதில் பதிவு செய்த முதல் பாட்டிலேயே “ச”, “ஸ” வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துவது போல் இருந்தது. பாடியவரிடம் குறையில்லை, மைக்கின் உள்ளே இருந்த சர்க்யூட்டில்தான் குறை.

யு67, யு87 மைக்குகளில் இருக்கும் கே67 வகைக் கேப்ஸ்யூல் இயல்பாகவே உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும். நாய்மன் பொறியாளர்கள் அதை அறிந்தே, அந்த மிகையை இறக்கிச் சமன் செய்யும் ஏற்பாட்டைச் சர்க்யூட்டில் வைத்தார்கள். விலை மலிந்த பல மைக்குகளில் கேப்ஸ்யூலை மட்டும் பார்த்துச் செய்துவிட்டு, சமன் செய்யும் பகுதியே இல்லாத எளிய சர்க்யூட்டை அதனுடன் இணைத்து விடுகிறார்கள். மேல் சட்டை அதே சட்டை, உள்ளே ஆள் வேறு. ஆகவே நகல் மைக் வாங்கும் போது கேப்ஸ்யூலின் பெயரை மட்டும் கேட்காமல், சர்க்யூட்டும் அசலைப் பின்பற்றியதா என்று கேளுங்கள்.

முதல் படி: அறையையும் மைக்கையும் தயார் செய்தல்

இங்கே பேசும் மைக்குகள் எல்லாம் கண்டென்சர் வகை. நம் கடற்கரை ஊர்களில் அவற்றுக்கு முதல் எதிரி ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை இறங்கியதும் கேப்ஸ்யூலில் ஈரம் படிந்து, வறுத்த கடுகு வெடிப்பது போன்ற பொரிச் சத்தம் வரும். அந்த நிலையில் இருக்கும் மைக்கை ஒப்பீட்டில் வைத்தால் அதற்கு நியாயம் கிடைக்காது. நான் என் மைக்குகளை இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், துணிப்பையில் முடிந்த சிலிக்கா ஜெல்லுடன் வைக்கிறேன். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல்லை வாங்கினால், அது ஈரத்தைக் குடித்து முடித்ததை நிறத்திலேயே அறிந்து புதிதாக மாற்றிவிடலாம்.

ட்யூப் உள்ள நகல் மைக்காக இருந்தால் அதற்கெனத் தனி பவர் சப்ளைப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில் 115, 230 என்று மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால், அது 230-இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். மைக்கின் வடத்தை மாட்டுவதும் கழற்றுவதும் பெட்டியை அணைத்த பிறகுதான். போட்டவுடன் பதிவு செய்யாமல் அரை மணி நேரம் சூடேற விடுங்கள். மாடலிங் மைக்குகளுக்கும் ட்யூப் இல்லாத நகல்களுக்கும் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியில்) இருந்து மைக் வடத்தின் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், போதும்.

மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, பாடகருக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். வெறும் சுவருக்கு முன்னால் பாடினால் இரண்டு மைக்குகளும் சுவரைத்தான் அதிகம் கேட்கும்.

இரண்டாம் படி: இன்டர்ஃபேஸ் கணக்கு

பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பியர் வகை மைக்குக்கு இரண்டு இன்புட் வேண்டும்; நகல் மைக்குக்கு ஒன்று வேண்டும். ஆக மொத்தம் மூன்று. இரண்டு இன்புட் உள்ள சிறிய இன்டர்ஃபேஸ் போதாது. நான்கு இன்புட் உள்ளதை இரவல் வாங்குங்கள். ஸ்பியர் மைக்கின் இரண்டு சேனல்களுக்கும் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) மிகச் சரியாக ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பிளக்-இன் போடும் கணக்கு முழுவதும் பிசகிவிடும். எண்களால் கெயின் காட்டும் இன்டர்ஃபேஸாக இருந்தால் இது எளிது. கையால் திருகும் குமிழாக இருந்தால் கவனமாகச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: மைக்குகளை நிறுத்துதல்

ஒரே பாட்டை இரண்டு முறை பாடச் சொல்லி, முறைக்கு ஒரு மைக்கில் பதிவு செய்யக் கூடாது. எத்தனை தேர்ந்த பாடகராக இருந்தாலும் இரண்டாவது முறை பாடுவது வேறு பாட்டுதான். இரண்டு மைக்குகளிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும்.

அதற்கு ஒரு மைக்கை ஸ்டாண்டில் நிமிர்த்தியும் மற்றொன்றை மேலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டும், இரண்டின் தலைகளும் விரலிடை அளவில் எதிரெதிரே வருமாறு வையுங்கள். இரண்டின் முகமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பாடகரின் வாய், அந்த இடைவெளிக்கு நேரே ஓர் அடி தூரத்தில் இருக்கட்டும். ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினால், தலை சற்றே ஏறி இறங்கினாலும் ஒரு மைக்குக்கு அருகாகவும் மற்றொன்றுக்குத் தொலைவாகவும் ஆகிவிடும். மைக்கை நெருங்கும் போது கீழ் ஒலி தடிப்பது இவ்வகை மைக்குகளின் இயல்பு என்பதால் ஒப்பீடு குலைந்துவிடும். நான் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கால் வைக்க வேண்டிய இடத்தை வரைந்து விடுகிறேன். வாயிலிருந்து வரும் காற்று வெடிப்பைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் ஒன்றே போதும். அது இரண்டு மைக்குகளையும் மறைக்கும் அகலத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: எதைப் பாடிப் பதிவு செய்வது

“ஸரிகமபதநி” என்னும் ஸ்வர வரிசையை விடச் சிறந்த சோதனை நமக்கு வேண்டியதில்லை. “ஸ”வில் சீறல் தெரியும், “ப”வில் காற்று வெடிப்பு தெரியும், “ம”விலும் “நி”யிலும் மூக்கொலி தெரியும். முதலில் மெல்லிய குரலில் மந்திர ஸ்தாயியிலும் (கீழ்ச் சுருதியில்), பிறகு உரத்த குரலில் தார ஸ்தாயியிலும் (மேல் சுருதியில்) பாடச் சொல்லுங்கள். ட்யூபும் டிரான்ஸ்பார்மரும் உரத்த ஒலிக்கு ஒரு விதமாகவும் மெல்லிய ஒலிக்கு வேறு விதமாகவும் நடந்துகொள்வதால், ஒரே அளவில் பாடியதை மட்டும் கேட்டால் நகல் மைக்கின் சிறப்பும் தெரியாது, குறையும் தெரியாது.

பிறகு ஒரு நிமிடம் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். கடைசியாகப் பாடகரைப் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து நின்று அதே ஸ்வரங்களைப் பாடச் சொல்லுங்கள். எல்லோரும் விட்டுவிடும் சோதனை இதுதான். மாடலிங் மைக்கின் எல்லை தெரிவதும் இங்கேதான். ஒற்றைச் சேனல் மாடலிங் மைக்கில் பிளக்-இன் மாற்றுவது மைக்கின் நேர் எதிரே கேட்கும் நிறத்தை. பக்கத்திலிருந்து வரும் ஒலிக்கும் அதே மாற்றம்தான் சேரும்; நேர் ஒலிக்கும் பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாடு, அந்த மைக்கின் சொந்தக் கேப்ஸ்யூல் கேட்டபடியேதான் இருக்கும். இரட்டைச் சேனல் மைக், பின்பக்கத் தகவலும் கையில் இருப்பதால், இதை இன்னும் நன்றாகச் சமாளிக்கிறது. போர்வை கட்டாத சிறிய அறையில் சுவரில் பட்ட ஒலி பக்கவாட்டிலும் வந்து சேர்கிறது என்பதால், வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

ஐந்தாம் படி: ஒலி அளவைச் சமப்படுத்துதல்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் மற்ற உழைப்பு எல்லாம் வீண். இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரு டெசிபல் உரத்திருந்தாலே, அதை “உரத்தது” என்று சொல்லாமல் “நல்லது” என்று நம் காது சொல்லிவிடும். மாடலிங் பிளக்-இன்னில் ஒரு மைக்கின் பெயரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் போதும் அளவு மாறக்கூடும். ஆகவே பிளக்-இன்னைப் போட்டு, வேண்டிய மாடலைத் தேர்ந்து முடித்த பிறகு, இரண்டு டிராக்குகளின் சராசரி ஒலி அளவையும் லவுட்னஸ் மீட்டரில் பார்த்து, கால் டெசிபலுக்குள் சமமாக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் யூலீன் லவுட்னஸ் மீட்டர் இதற்குப் போதும். டிராக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மட்டும் நகர்த்துங்கள். ஈக்யூ, கம்ப்ரெசர், ரிவெர்ப் என ஒலியின் தன்மையை மாற்றும் எதையும் தொடாதீர்கள்.

ஆறாம் படி: பெயர் தெரியாமல் கேட்டல்

திரையில் பெயர் தெரியும் வரை காது நேர்மையாக இருக்காது. விலை அதிகமான மைக்கின் பெயரைப் பார்த்தவுடன் அதில் ஒரு கனிவு கேட்கும். அது மைக்கில் இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் ஒருவரைக் கணினியின் முன் அமர்த்தி, நீங்கள் திரையைப் பார்க்காமல் திரும்பி அமர்ந்து, அவர் நாணயம் சுண்டி வந்த பக்கத்தின்படி ஒலிப்பதைக் கேட்டு, எது எது என்று தாளில் எழுதுங்கள். பத்து முறை செய்யுங்கள். ஐந்தாறு முறை சரியாகச் சொன்னால், அது ஊகத்தாலேயே கிடைக்கும் மதிப்பெண். உங்களால் வேறுபாட்டைக் கேட்க முடிந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்பது அல்லது பத்து முறை சரியானால், உண்மையாகவே கேட்கிறீர்கள். வெறும் ஊகத்தில் அப்படி அமைய ஏறத்தாழ நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. வேறுபாடு கேட்கிறது என்று உறுதியான பிறகே, எது பிடிக்கிறது என்ற கேள்விக்குச் செல்லுங்கள்.

என் அறையில் நடந்தது

எதிர் வீட்டில் இருக்கும் அக்கா கோயில் கச்சேரிகளில் பாடுகிறவர். அடிக்குரல் கனமாகவும் மேலே போகும் போது சற்றுக் கூர்மையாகவும் இருக்கும். அவர் குரலில் ஒரு யு47 நகலையும், யு47 மாடலில் வைத்த இரட்டைச் சேனல் மைக்கையும் ஒப்பிட்டேன். மெல்லிய குரலில் பாடியதில் பத்துக்கு ஆறுதான் என்னால் சொல்ல முடிந்தது. தார ஸ்தாயியில் ஒன்பது வந்தது. உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்திய இடத்தில் நகல் மைக் அந்தக் கூர்மையை மெழுகியது போல் தடவிக்கொடுத்தது. மாடலிங் மைக் அந்த இடத்தில் தெளிவாகவும் சற்று நேராகவும் நின்றது. அக்காவும் பெயர் தெரியாமலே கேட்டார். “தம்பி, ரெண்டாவதுல என் குரல் என் குரலாவே இருக்கு. ஆனா மேல போறப்ப முதல்ல கேட்டதுதான் எனக்குப் பிடிக்குது” என்றார். அவர் முதலில் கேட்டது நகல்.

பக்கவாட்டுச் சோதனையில் நிலைமை மாறியது. நகல் மைக்கில் என் அறையின் சிறுமை அப்படியே கேட்டது. மாடலிங் மைக்கில், பதிவு முடிந்து அக்கா வீட்டுக்குப் போன பிறகு, திசை அமைப்பைக் கார்டியாய்டிலிருந்து (முன்பக்கத்தை அதிகம் கேட்பது) சற்றே எட்டு வடிவத்தின் (முன்னும் பின்னும் கேட்டுப் பக்கங்களை விடுவது) பக்கம் நகர்த்தி, ஒரு பக்கச் சுவரின் எதிரொலியைப் பாதியாக்க முடிந்தது. நகல் மைக்கில் அதே மாற்றம் வேண்டுமென்றால் அக்காவை மறுபடி அழைத்துத்தான் பாடச் சொல்ல வேண்டும்.

வாங்கும் முடிவு

ஒரே குரலை, பெரும்பாலும் உங்கள் சொந்தக் குரலை மட்டும் பதிவு செய்கிறீர்கள், அறையையும் ஓரளவு சரி செய்துவிட்டீர்கள் என்றால், அந்தக் குரலுக்குப் பொருந்தும் ஒரே ஒரு நல்ல நகல் மைக்கை வாங்குங்கள். பிளக்-இன்னில் நாற்பது பெயர்களை மாற்றி மாற்றிக் கேட்டு நேரம் போவதைக் காட்டிலும், ஒரு மைக்கின் முன் எங்கே நிற்க வேண்டும் என்று பழகுவது பலன் தரும். இன்று வீணை, நாளை பின்னணிக் குரல், மறுநாள் பேட்டி என்று பலவிதமான வேலை வந்தால் மாடலிங் மைக்கே வசதி. ஆனால் பாடும் போதே பாடகர் அந்த நிறத்தை ஹெட்போனில் கேட்க வேண்டும் என்றால், பிளக்-இன்னால் வரும் தாமதத்தை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். தன் குரல் தனக்கே பிந்தி வந்தால் எந்தப் பாடகரும் சுருதியில் நிற்க மாட்டார்.

நான் இரட்டைச் சேனல் மைக்கை வைத்துக்கொண்டேன். அக்காவின் அடுத்த பதிவுக்கு மட்டும் அந்த நகல் மைக்கை மறுபடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தார ஸ்தாயி வரும் பல்லவியையும் சரணத்தையும் அதில் பதிவு செய்தேன். திருப்பிக் கொடுக்கும் முன், ஸ்டாண்டின் உயரம், வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரம், கெயின் எண் ஆகிய மூன்றையும் தாளில் எழுதி, டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.