புளியம்பலகையை மட்டமாக்க ஒரு ரவுட்டர் ஸ்லெட்

குடியாத்தம் பக்கம் ஒரு மர மில்லில் புளியம்பலகை வாங்கினேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டங்குல கனம். காட்பாடி வீட்டு நிழலில் இரண்டு வருடம் காய்ந்ததில் ஒரு மூலை அரை அங்குலம் முறுக்கிக்கொண்டது. இழைப்புளி போட்டால் புளியின் ரேகை பிய்ந்து வந்தது. நைனா கை அதைச் சமாளிக்கும், என் கை இல்லை. அதனால் ரவுட்டர் ஸ்லெட் செய்தேன். ரவுட்டர் என்றால் சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் மின்கருவி; அதை ஏற்றி வைத்து, பலகைக்கு மேலே தண்டவாளத்தில் தள்ளும் தட்டுதான் ஸ்லெட்.

18 மி.மீ. பிளைவுட்டின் மேல், பலகைக்கு இரு பக்கமும் மூன்றங்குல உயரச் சட்டம், அதன் மேல் அலுமினியச் செவ்வக பைப். இவைதான் தண்டவாளம். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இங்கேதான். இரண்டு தண்டவாளமும் ஒரே தளத்தில் இல்லையென்றால் அந்த முறுக்கு அப்படியே மரத்தில் இறங்கிவிடும். நான்கு முனைகளிலிருந்தும் மூலைக்கு மூலை நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் தொட வேண்டும். அடி நூலை மேலே மாற்றிக் கட்டியும் பாருங்கள். எனக்கு ஒரு முனை காலண்டர் அட்டை கனத்துக்குத் தாழ்ந்திருந்தது. அட்டையையே வெட்டிச் சொருகினேன், நூல் சரியாக வந்தது.

ஸ்லெட் மூன்றடி நீளம். அடியில் 12 மி.மீ. பிளைவுட், நடுவில் பிட் போக நீளத் துளை, இரு பக்கமும் நான்கங்குலச் சுவர். சுவர் இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து மரத்தில் பள்ளம் விழும். பிட் தண்டவாளத்தைத் தொடாதபடி உள்ளே தடுப்புக் கட்டை வையுங்கள். அடியில் மெழுகு தேயுங்கள்.

பலகை ஆடும் மூலைகளில் மெல்லிய ஆப்பு கொடுங்கள். அழுத்தி மட்டமாக்கிப் பிடிக்காதீர்கள், விட்டதும் பழைய வளைவுக்கே போய்விடும். பலகை நகராமல் பக்கவாட்டில் பிடிக்கும் கட்டைகள் வெட்டும் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

அப்புறம், அடி தட்டையான அகல பிட். அதன் தண்டு 20 மி.மீ. ஆவது கொலட்டுக்குள் (ரவுட்டரில் பிட்டைப் பிடிக்கும் வாய்) இருக்க வேண்டும். பெரிய பிட் என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். தள்ளும் திசைக்கு இடப்பக்கம் வெட்டாத மரம் இருக்க வேண்டும். மாற்றித் தள்ளினால் ரவுட்டர் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். கண்ணாடி, மாஸ்க், காதடைப்பு மூன்றும் கட்டாயம்.

ஒரு முகம் முடிந்ததும் திருப்பிப் போட்டு மறு முகமும் வெட்டுங்கள். அந்தப் பக்கத்துக்கு ஆப்பு தேவையில்லை. கடைசி ஓட்டம் அரை மி.மீ. தான். மிச்சக் கோடுகள் 80 நம்பர் உப்புத்தாளில் போய்விடும். ஒரு வாரம் நிமிர்த்தி நிழலில் வைத்து, மறுபடி ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் நான் மேசைக்கால் மாட்டினேன்.