பரண் மேல் கிடக்கும் டிவியை உடைக்காதீர்கள்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பையன்கள் சிலர் வீடு வீடாகப் போய்ப் பழைய மின்சாதனங்களைச் சேகரிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இந்தப் பழைய சாமான் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் அடித்த கூத்தையே அவர்களும் அடிக்கிறார்கள். பழைய போனைக் கொடுக்குமுன் சிம்மை எடு, மெமரி கார்டை எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

காப்பருக்காக டியூப் டிவியை உடைப்பது

2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச கலர் டிவிகள் இன்னும் எத்தனையோ பரண்களில் தூசி படிந்து கிடக்கின்றன. முழு டிவியைக் கொண்டுபோனால் காயலான் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "யோக்கையும் போர்டையும் மட்டும் கழற்றிட்டு வா தம்பி" என்பார். யோக் என்பது டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் காப்பர் சுருள். வினை அங்கேதான் ஆரம்பம்.

போன மாதம் மொட்டை மாடியில் ஒரு பையன், யோக் வரவில்லையென்று டியூபின் கழுத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டான். உள்ளே வெற்றிடம். புஸ்ஸென்று காற்று ஏறியதோடு தப்பித்தான். அடி வேறு இடத்தில் விழுந்திருந்தால் கண்ணாடி நாலாபுறமும் தெறித்திருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கலர் டியூபுக்குப் போகும் மின்சாரம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் சார்ஜ் தங்கியிருக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டானா? உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புத் தகடும் எடைக்குப் போகும் என்று மீதியையும் நொறுக்கினான். திரையின் உட்புறப் பவுடர் விரலெல்லாம் அப்பியிருக்க, அதே கையோடு டீ கிளாசை எடுக்கப் போனான். கத்திவிட்டேன்.

மிஞ்சியது கண்ணாடி. "சாக்குல கட்டி காட்டன் கால்வாய் ஓரம் போட்டுடலாம்ண்ணா" என்கிறான். டியூபின் பின்பக்கக் கண்ணாடியில் சுமார் 20 சதவீதம் ஈய ஆக்சைடு. கால்வாய் ஓரம் கிடந்தால் மழைக்கு மழை ஈயம் மண்ணில் இறங்கும். வழக்கமாக முழு டிவியை எடுத்துக்கொள்ளும் மறுசுழற்சிக்காரரும், உடைந்ததென்றதும் கையை விரித்துவிட்டார். இவ்வளவுக்கும் காப்பரில் கிடைத்த காசு ஆட்டோ கூலிக்குக்கூடக் காணவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு திருகைக்கூடத் தொடாமல் முழு டிவியாகக் கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்கு ஏற்பாடு செய்வது தயாரிப்பு நிறுவனங்களின் பொறுப்பு. புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடுவது

குப்பை லாரி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். கொடுங்கையூர்க் குப்பை மேடு எரிந்தால் புகை யார் வீட்டுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரியைக் குத்தாதீர்கள், மடக்காதீர்கள். முனைகளில் செல்லோ டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.

வயரை எரித்துக் காப்பர் எடுப்பது

கூடவே கூடாது.

ஃபிரிட்ஜ் குழாயை வெட்டுவது

இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன். அடுப்பு கேஸ் வகையறா. வெட்டும் இடத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். கம்ப்ரசர் விலைக்கு ஆசைப்படாமல் ஃபிரிட்ஜையும் முழுசாகவே ஏற்றி அனுப்புங்கள்.