விடாத முதுகுவலியோடு நடமாடுவது எப்படி

எடை தூக்கும்போது பிடித்த முதுகு ஏழு மாதமாகியும் என்னை விடவில்லை. முதல் மாதம் படுத்தே கிடந்தேன், அதுதான் தப்பு. படுக்கப் படுக்க முதுகு இன்னும் இறுகியது.

அப்புறம் நடையில் தொடங்கினேன். ஒரே மூச்சில் 30 நிமிடம் வேண்டாம், 10 நிமிடமாக மூன்று தடவை போதும். அதோடு, தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி, 10 விநாடி நிறுத்தி, பக்கம் மாற்றுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. மெதுவாகச் செய்யுங்கள், மூச்சை அடக்காதீர்கள்.

எவ்வளவு செய்யலாம் என்பதை மறுநாள் காலை சொல்லிவிடும். வலி பழைய அளவிலேயே இருந்தால் சரி, தொடரலாம். கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.