கேம்ப் மியூரில் ஒரு ராத்திரி: ரெய்னியர் மலைப் பனியில் தங்கப் போகிறவர்களுக்கு

ஜூலைக் கடைசியில் சியாட்டில் வெயிலை நம்பி, மெல்லிய சட்டையோடு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரெய்னியர் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பாரடைஸ் பார்க்கிங் 5,400 அடியில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் ஏறினால், 10,000 அடிக்குச் சற்று மேலே, மலையேறுகிறவர்கள் தங்கும் முகாமான கேம்ப் மியூர். கீழே புல்வெளியில் பூக்கள் பூத்திருக்கும் அதே நாளில் மேலே ராத்திரி தண்ணீர் உறைந்துபோகும். இந்த ஏற்றத்துக்குக் கயிறு கட்டத் தேவையில்லை, நல்ல கால் வலு போதும். ஆனால் பெப்பிள் க்ரீக் ஓடையைத் தாண்டியதும் பாதை முடிந்துவிடும், அதற்கு மேல் வெறும் பனிவெளிதான்.

அதனால் முதலில் திரும்பி வரும் வழியை யோசியுங்கள். வானம் தெளிவாக இருந்தால் குழந்தைகூடச் சொல்லும் வழி அது. மேகம் இறங்கிவிட்டால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார், இறங்குகிற சரிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்றே காலுக்குப் பிடிபடாது. மேற்கே விலகினால் நிஸ்குவாலி பனியாறு, கிழக்கே விலகினால் பாரடைஸ் பனியாறு, இரண்டிலும் ஆள் விழுந்துவிடக்கூடிய ஆழமான பனி வெடிப்புகள் உண்டு. அனுபவசாலிகளே வழி தவறி இறந்திருக்கிற இடம் இது. மேப்பை போனில் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஏறும்போதே ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்யுங்கள், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். கம்பாஸும் காகித மேப்பும் கட்டாயம், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது அதைவிடக் கட்டாயம். ஏறும்போது மேகம் சூழ ஆரம்பித்தால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள்.

ராத்திரி தங்குவதற்குப் பெர்மிட் வேண்டும், முன்பே பதிவு செய்துவிடுங்கள். மேலே ஒரு கல் கட்டிடம் பொதுவில் இருக்கிறது, முதலில் வருபவருக்கே இடம், அதை நம்பி டென்ட் இல்லாமல் போகாதீர்கள். இடம் கிடைத்தாலும் சிகரம் ஏறுகிறவர்கள் நள்ளிரவிலேயே எழுந்து கிளம்புவார்கள், காதடைப்பான் எடுத்துப்போங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே குழாய் கிடையாது, பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் பனியைப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் கருகும். நினைப்பதைவிட அதிக கேஸ் செலவாகும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேக நேரம் பிடிக்கும், எனவே அவல் அல்லது வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உப்புமா மிக்ஸ் மாதிரி ஏதாவது கொண்டுபோங்கள்.

டென்ட் போடும் இடத்தை நன்றாக மிதித்துச் சமமாக்கி, கொஞ்ச நேரம் இறுகவிடுங்கள். சாதாரண முளைகள் பனியில் நிற்காது, சின்னப் பைகளில் பனியை நிரப்பி, கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கீழிருந்துதான் குளிர் ஏறும், ஆகவே பாய் இரண்டு போடுங்கள். படுக்கும்முன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை நன்றாக முறுக்கிக் காலடியில் வைத்துக்கொண்டால் காலையில் குடிக்கவும் ஆகும்.

பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள், தாடைக்கு அடியில்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள், பக்கங்களை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போடாமல் ஒரு மணி நேரம்கூட நடக்காதீர்கள். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ப் படுத்தால் லேசான தலைவலி வரலாம். வாந்தி, தள்ளாட்டம் என்று போனால் விடியும்வரை காத்திருக்காமல், வழி தெரியும் நிலையில் துணையோடு இறங்குங்கள். முகாமைத் தாண்டிக் கவுலிட்ஸ் பனியாற்றின் பக்கம் வேடிக்கைக்குக்கூடக் கால் வைக்காதீர்கள்.

இறங்கும்போது உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டு வர எல்லோருக்கும் ஆசை வரும், சரி, செய்யுங்கள், ஆனால் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள் பட்டையான மைக்ரோஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டுத்தான். முள் பனியில் குத்தி நின்றால் கணுக்கால் உடையும். ஆகஸ்ட் பிற்பகுதியில் பனி மெலிந்து வெடிப்புகள் திறந்திருக்கும், அப்போது சறுக்கவே வேண்டாம், நடந்தே இறங்குங்கள்.